மூணு பேர் சீட்டில் நாலாவது ஆள்

எனக்குக் கோபம் வந்தால் சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். சின்ன வயதிலிருந்தே இந்த வியாதி இருக்கிறது. கோபப்படுகிறவனுக்கு முகம் ஒத்துழைக்க வேண்டும். என் முகம் ஒத்துழைக்காது. மூக்கு விடைக்கும்போது காதும் சேர்ந்து அசையும். குரல் உயர உயரக் கீச்சென்று போய் உச்சத்தில் உடைந்துவிடும். என் கல்யாணப் பந்தியில் சாம்பார் வரவில்லை என்று நான் போட்ட சண்டையைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை ரொம்ப ஜாலியான ஆள் என்று பெண் வீட்டார் முடிவுகட்டினார்கள். அந்த முடிவின் மேல்தான் என் குடும்ப வாழ்க்கை இன்றுவரை நின்றுகொண்டிருக்கிறது.

இதையும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் அது உங்கள் பாடு.

காலையில் செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில்தான் என் பாதி ஆயுள் போயிற்று. வீடு செங்கல்பட்டில், அரசு வேலை சென்னையில். ரயில் கிளம்புகிற ஊர் என்பதால் எங்களுக்கு ஒரு ஜம்பம் உண்டு. நடுவழியில் ஏறுகிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். நாங்கள் உட்கார்ந்து போவோம். காலி வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து இடம் பிடிப்பதில் எங்கள் ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் நான் உட்கார்ந்த இடத்தைச் சொன்னால் ஜம்பம் இறங்கிவிடும். மூன்று பேருக்கென்று செய்த சீட்டில் நாலாவதாக ஒருவர் ஒட்டிக்கொள்வது இந்தத் தடத்தின் எழுதாத சட்டம். அந்த நாலாவது ஆள் நான். என் உடம்பில் பாதிக்குத்தான் சீட்டு. மீதிப் பாதி நடைபாதையில், அந்தரத்தில்.

மற்ற மூவரையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலோரம் தலைவர். துறைமுகத்தில் வேலை. எந்தத் தேர்தலும் நடக்கவில்லை, அவராகவே தலைவராகிவிட்டார். அவருக்குப் பக்கத்தில் தூங்குமூஞ்சி. செங்கல்பட்டில் கண்ணை மூடினால் கடற்கரையில் திறப்பார். இடையில் இருக்கும் உலகத்தோடு அவருக்கு ஒப்பந்தம் கிடையாது. மூன்றாவது, ரத்தக்காரர். ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலை என்பதால் அந்தப் பெயர். சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறுவார். அதுவரை அவர் இடத்தில் என் பையை வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களிடம் எல்லாம் சண்டை போடுவது என் பொறுப்பு. அவர் கொண்டுவருகிற டப்பாவில் எங்கள் எல்லோருக்கும் இட்லி இருக்கும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர். அதே மனிதர்தான் வருஷா வருஷம் எங்கள் பெட்டிக்கு ஆயுத பூஜையை முன்னின்று நடத்துகிறவர். வாழைக்கன்று கோணலாக இருந்தால் எங்களை நிற்கவைத்துத் திட்டுவார்.

ஓரத்து இடம் எனக்கு ஒதுக்கப்பட்டதற்குத் தலைவர் ஒரு காரணம் வைத்திருந்தார். "நீ இன்னா ஜன்னல்ல ஏரிய பார்க்கிற ஆளா? ஊரைத் திட்ற ஆளு. உனக்கு மேடை நடைபாதைதான்யா" என்பார்.

திட்டினேன். வண்டி தாமதமானால் வண்டியை, நேரத்துக்குக் கிளம்பினால் என்னைச் சாப்பிட விடாமல் கிளம்பியதற்காக. மேலதிகாரியை, மின்கட்டணத்தை, ஏறியவுடனே சத்தமாக ஃபோனில் குடும்பத் தகராறைத் தீர்க்கிறவர்களை. கூடுவாஞ்சேரி வருவதற்குள் என் குரல் உடைந்துவிடும். எதிர் சீட்டுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வண்டலூரில் ஏறுகிறவர்கள், இன்று எதைப்பற்றி என்று விசாரித்துக்கொண்டே கம்பியைப் பிடிப்பார்கள்.

எல்லாத் திட்டும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் முடியும். "நாலு பேரோட குந்தி, சிரிச்சு பேச நேரமில்ல. இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று தொடையைத் தட்டிக்கொண்டு கேட்பேன். நான்கு பேர் சிரிப்பார்கள். நானும் தண்ணீர் குடித்துவிட்டு, யோசித்துப் பார்த்தால் இந்த ரயில்தான் என் நேரத்தை எல்லாம் தின்கிறது என்ற முடிவுக்கு மறுபடியும் வருவேன்.

அதற்கு என்னிடம் ஒரு மருந்தும் இருந்தது: மாமல்லபுரம். எங்கள் துறைக்கு அங்கே ஒரு சின்ன அலுவலகம் உண்டு. வீட்டிலிருந்து ஒரே பஸ். ஜன்னலைத் திறந்தால் சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் கோடு போட்டதுபோல் கடல். மத்தியானம் மீன் குழம்பு. சாயந்திரம் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றபடி நாலு பேரோடு சிரிக்கலாம். அந்த நாலு பேர் யார் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. சுண்டலோடு அவர்களும் வருவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

மாறுதல் கேட்டுக் கேட்டு, கேட்பதே பழக்கமாகிப் போயிருந்தது. என் மனைவி எனக்காகத் திருக்கழுக்குன்றம் மலையேறி வேண்டிக்கொண்டாள். போன கோடையில் ஒருநாள் உத்தரவு வந்தேவிட்டது. முதலில் சில மாதம் தற்காலிகமாக. பிடித்திருந்தால் அங்கேயே நிரந்தரம்.

கடைசி நாள் ரயிலில் எனக்கு ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கித் தந்தார்கள். அவற்றைப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்று பெட்டியே பிடிவாதம் பிடித்தது. கடற்கரை ஸ்டேஷனில் கைதட்டி அனுப்பினார்கள். ரத்தக்காரர் விசிலடித்தார். அன்று எனக்கு வந்த கோபத்துக்குப் பெயர் தெரியவில்லை. ஒருத்தராவது, போகாதே என்று சொல்ல வேண்டாமா? சரி, சொல்ல வேண்டாம். கொஞ்சம் முகத்தையாவது தொங்கப்போடலாம் இல்லையா? எழவு வீட்டுக்கு வந்தவன்கூட அந்த மரியாதையைச் செய்வான்.

மறுநாள் மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினேன். வண்டி பாதி காலி. உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, மூலமா?"

அப்போதுதான் கவனித்தேன். மூன்று பேர் சீட்டு முழுசும் காலியாகக் கிடக்க, நான் அதன் ஓரத்தில் பாதி உடம்பை அந்தரத்தில் விட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே தள்ளி உட்கார்ந்தால் ஏதோ பிறத்தியார் இடத்தைப் பிடித்துக்கொண்ட மாதிரி உறுத்தியது. அடுத்த வளைவில் என்னையறியாமல் மறுபடி ஓரத்துக்கு வந்துவிட்டேன். கண்டக்டர் தூரத்திலிருந்து தலையை ஆட்டி, வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னார். பஸ்ஸில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அலுவலகத்தில் ஜன்னல் இருந்தது. சவுக்குத் தோப்பு இருந்தது. கடலும் நான் நினைத்தபடி கோடு போட்டதுபோல்தான் இருந்தது. தெருவில் எங்கிருந்தோ சிற்பிகள் உளி தட்டுகிற சத்தம் நாள் முழுக்க வந்தது. மீன் குழம்பைக் குறை சொல்ல முடியாது. இதெல்லாம் இருந்தும் எனக்குள் ஏதோ புகைந்துகொண்டே இருந்தது. உப்புக் காற்றில் பீரோ துருப்பிடித்துக் கதவு திறக்காதபோது பீரோவைத் திட்டினேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு அந்த மின்விசிறி விவகாரம். அறைக்கு ஒரே ஒரு ஸ்டாண்டு ஃபேன். அது ஊரெல்லாம் சுற்றிவிட்டு என் பக்கம் வரும்போது மட்டும் திரும்பிப் போய்விடும். ஒரு நாள் எழுந்து நின்று அதைத் திட்டினேன். என் பழைய மேடை ஞாபகத்தில், நன்றாகவே திட்டினேன். எனக்கும் இந்த விசிறிக்கும் முன்ஜென்மத்தில் வரப்புத் தகராறா, நான் என்ன இதன் சம்பந்தி வீட்டு ஆளா என்றெல்லாம். குரல் உடைந்தது. காது அசைந்திருக்கும். உடைந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். அங்கே சிரிப்பு வரும். அது வருவதற்காக நிறுத்துவது என் பழக்கம்.

சிரிப்பு வரவில்லை. எல்லோரும் குனிந்துகொண்டார்கள். அந்த அறையில் நான்தான் சீனியர். சென்னையிலிருந்து வந்த பெரிய சார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து, "மன்னிச்சுக்குங்க சார்" என்றாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால், சுற்றுகிற பொத்தானை நிறுத்தி, விசிறியை நேராக என் மூஞ்சிக்குத் திருப்பிவைத்திருந்தார்கள். அதன்பின் என் மேஜையில் ஒரு காகிதம் நிற்கவில்லை. காகிதம் பறந்ததற்கும் கோபம் வந்தது. வெளியே சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் யாராவது மன்னிப்புக் கேட்பார்கள்.

சாயந்திரம் கடற்கரைக்கும் போய்ப் பார்த்தேன். சுண்டல் வாங்கி மணலில் உட்கார்ந்தேன். கடல் தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. நமக்கும் அதே தொழில்தானே. இன்னொருத்தன் இடைவிடாமல் கத்துகிற இடத்தில் நமக்கென்ன வேலை? ஒரு சுற்றுலாக் குடும்பம் வந்து, ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டது. எடுத்துக் கொடுத்தேன். எல்லோரும் படத்துக்காகச் சிரித்தார்கள். அந்த வாரம் என் முன்னால் யாராவது சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மிச்சமெல்லாம் வீட்டுக்கு வந்தது. சீக்கிரம் வந்துவிடுகிறேனல்லவா, வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுவேன். ரசத்தில் ஆரம்பித்து, செருப்பு கிடக்கிற திசை, பக்கத்து வீட்டு மோட்டார் என்று போகும். என் மனைவி முதலில் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"தெனம் ரயில்ல கொட்டிட்டு காலி சட்டியா வந்துகினு இருந்த. இப்ப அத்தனையும் வூட்டுக்கு எடுத்தாற. நான் இன்னா குப்பை வண்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "மறுபடியும் மலையேறி, இவரை ரயில்லயே ஏத்திடு சாமின்னு வேண்டிக்கணும் போல கீது. முட்டி வலிக்குது, இல்லன்னா நாளைக்கே போயிடுவேன்" என்றாள். அவளும் சிரிக்கவில்லை. எனக்கு ரசத்தின்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. என் மாறுதலுக்கு என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவள் இவள். இவளே இப்படிச் சொன்னால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

புரட்டாசி கடைசியில் மாமல்லபுரம் அலுவலகத்தின் அதிகாரி அம்மா கூப்பிட்டார். என் தற்காலிகம் முடியப்போகிறது, நிரந்தரமாக இருக்கிறேனா, சென்னைக்கே திரும்புகிறேனா என்று கேட்டார். இந்த இடத்துக்கு எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். இப்போது விட்டால் ஓய்வு பெறும்வரை மறுபடி கிடைக்காது என்பதையும் நல்லெண்ணத்தோடு சொன்னார். ஆயுத பூஜை லீவு முடிந்து வந்ததும் பதில் வேண்டும். உடனே, "இருக்கிறேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று பஸ்ஸில் ஓரத்தில் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அன்று ரயில்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் ரத்தக்காரர் வாழைக்கன்றின் படத்தைப் போட்டிருந்தார். லீவு நாளில் யாரும் ரயிலேற மாட்டார்கள் என்பதால் அதற்கு முந்தைய நாள் காலையில்தான் எங்கள் பெட்டியில் பூஜை நடக்கும். "நீங்களும் அவசியம் வர வேண்டும் சார்" என்று எனக்கு மட்டும் தனியாக ஒரு வரி. அதில் ஏதோ ஒன்று இடறியது. என்னவென்று புரியவில்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன்.

பெட்டி ஜோராக இருந்தது. கதவுக் கம்பிகளில் வாழைக்கன்று, குறுக்கே மாவிலைத் தோரணம், ஜன்னலுக்கு ஜன்னல் சந்தனம் குங்குமம். இதற்காகவே ரத்தக்காரர் விடியும்போதே செங்கல்பட்டுக்கு வந்து ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விரட்டுவதை நிறுத்திவிட்டு, "வாங்க சார், வாங்க" என்றார். என் ஓரத்து இடத்தில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். மரியாதையாக எழுந்து நின்றார். தலைவரோ, பல வருஷமாக யாருக்கும் விட்டுக்கொடுக்காத தன் ஜன்னலோரத்தைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு, "இப்படி வந்து உட்காருங்க சார், காத்து வரும்" என்றார்.

உட்கார்ந்தேன். முழு உடம்போடு. பொரியும் வாழைப்பழமும் முதலில் எனக்கு வந்தன. கடல் காற்று ஒத்துக்கொண்டதா என்று விசாரித்தார்கள். வீட்டில் அனைவரும் சௌக்கியமா என்றார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, வண்டி கிளம்பியது. கிளம்பியதும் கொளவாய் ஏரி வந்தது. இத்தனை வருஷம் இந்த வழியாகப் போயும் அதை நான் முழுதாகப் பார்த்ததில்லை. காலை வெயிலில் தகதகவென்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏரியைக் காட்டுகிறார்கள், ஏரியை. விருந்தாளிக்குக் காட்டுகிற மாதிரி.

பரனூர் தாண்டியிருக்கும். ரத்தக்காரர் என் பக்கம் குனிந்து, "இன்னும் கொஞ்சம் பொரி போடட்டுமா சார்?" என்றார்.

"யாருய்யா சார்?" என்று எழுந்துவிட்டேன். "யோவ்னு கூப்புட்ட வாயிக்கு இன்னா வந்துச்சு? ஜன்னலோரமாம், காத்து வருதாம். நான் இன்னா பொண்ணு பார்க்க வந்தவனா? நேரமில்ல, நேரமில்ல, நாலு பேரோட சிரிக்க நேரமில்லன்னு தெனம் தொண்டை கிழிய கத்தினேனே, இந்த நாலு பேருதான்யா எதிர்ல குந்திகினு சிரிச்சீங்க. ஒருத்தருக்காவது, 'டேய், நீ கேக்கறது இதாண்டா'ன்னு சொல்லத் தோணுச்சா? தொப்பி வாங்கிக் குடுக்கத் தெரிஞ்சுதே, இத்த சொல்லத் தெரிலயா?"

"தெரிலயா" என்ற இடத்தில் குரல் உடைந்தது. கீச்சென்று. நிறுத்தினேன். பெட்டியில் வண்டிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. புதிதாக வந்தவர் பயந்துபோய்ப் பொரித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மாமல்லபுரமேதான், இங்கேயும் மாமல்லபுரம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது தூங்குமூஞ்சி, கண்ணைத் திறக்காமலே, சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு.

"வந்துட்டான்யா. இவன் போனதுலேந்து ஒரு நாள் ஒயுங்கா தூங்கலய்யா நான்" என்றார். பல வருஷ ரயில் வாழ்க்கையில் கடற்கரைக்கு முன்னால் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவ்வளவுதான். பெட்டியே சிரிப்பில் உடைந்துவிட்டது. எதிர் சீட்டுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரத்தக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குப் பதில் சொல்ல முயன்றார்.

"நாங்க அத்த காமெடின்னுல்ல நெனச்சோம் அண்ணாத்த. ஒவ்வொரு நாளும் அந்த எடத்துலதான் நல்லா வரும். நீ தெரிஞ்சுதான் பண்றன்னு பார்த்தோம்."

தெரிந்தே செய்தேனாம். இந்த அவமானத்துக்கு நான் என்ன செய்ய? உலகத்தில் எல்லோருக்கும் புரிந்த நகைச்சுவை, சொன்னவனுக்கு மட்டும் புரியவில்லை. தொப்பி போட்டு அனுப்பியபோது அவர்கள் முகத்தைத் தொங்கப்போடாததற்கும் தலைவர் விளக்கம் சொன்னார்: நீ கேட்டது கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டோம், நீ போன மறுநாள் பெட்டி எப்படி இருந்தது என்று இவரைக் கேள் என்று தூங்குமூஞ்சியைக் காட்டினார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாம் பேசியாச்சுல்ல? என் சீட்டுலேந்து எழுந்திருய்யா."

லீவு முடிந்ததும் அதிகாரி அம்மாவிடம் போய், திரும்பிப் போகிறேன் என்றேன். அலுவலகத்தில் யாராவது மனம் நோகப் பேசினார்களா என்று கவலையோடு கேட்டார். இல்லை, எல்லோரும் ரொம்ப மரியாதையானவர்கள் என்றேன். அதுதான் பிரச்சினை என்பதை எப்படி விளக்குவது? கடலோரத்தை விட்டுவிட்டு நெரிசலில் போய்வருகிறேன் என்கிற ஆளை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். என் சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சிரிப்பிலும் வகை இருக்கிறது. மாமல்லபுரம் ஆட்கள் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் சால்வையோடு படியிறங்கித் திரும்பிப் பார்த்தபோது, விசிறியை ஏற்கெனவே தங்கள் பக்கம் திருப்பியிருந்தார்கள். அது நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மனைவியிடம் சொன்னபோது, "வேண்டுதல் வெக்காமலே நடந்துச்சு. முட்டி தப்பிச்சுது" என்றாள். அன்றைக்கு ரசம் நன்றாக இருந்தது. அல்லது எப்போதும் அப்படித்தான் இருந்ததோ என்னவோ.

திரும்பிப்போன முதல் நாள், பழைய வேகத்தில் கைக்குட்டையை எறிந்தேன். அது ஜன்னல் வழியாகப் போய் என் ஓரத்து இடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த அந்தப் புதியவர் மடியில் விழுந்தது. அவர் அதை மடித்து என் கையில் கொடுத்தார். எழுந்திருக்கவில்லை. பூஜையன்று எழுந்து நின்றீர்களே என்றேன். "அன்னிக்கு நீங்க கெஸ்ட்டு. இன்னிக்கு டெய்லி பேசஞ்சர்" என்றார். நியாயத்துக்குத் தலைவரைப் பார்த்தேன். அவர் வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்குமூஞ்சியைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, ஆரம்பி என்பதுபோல் தலையை மட்டும் ஒரு தடவை ஆட்டினார்.

கடலை விட்டேன், மீன் குழம்பை விட்டேன், காலி பஸ்ஸை விட்டேன். வந்த இடத்தில் அரை சீட்டும் போயிற்று. ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நான் ஆரம்பித்தது பரனூரில். சிங்கப்பெருமாள் கோவிலில் ரத்தக்காரர் ஏறும்போது குரல் முக்கால் உடைந்திருந்தது. அவர் தன் இடத்தில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, ஓர் இட்லியை மிளகாய்ப்பொடியில் புரட்டி, மேலே தூக்கி என் வாய்க்கு நேராக நீட்டினார்.

"மொதல்ல இத்த துன்னு. அப்பால திட்டு" என்றார்.